கல்ட்ல மாட்டுனவங்கள எப்படிப் புரிஞ்சுக்கறது

"எப்படித்தான் ஏமாந்தாங்களோ"ன்னு கேக்கறத மொதல்ல விட்ருங்க, கல்ட்டுன்னு, அதாவது ஒரு தலைவர கண்மூடித்தனமா நம்ப வச்சு ஆளுங்களக் கட்டுப்படுத்தற கூட்டம்னு, தெரிஞ்சு யாரும் சேர்றதில்ல. ஜிம் ஜோன்ஸ்ங்கற பாதிரியாரோட பீப்பிள்ஸ் டெம்பிள்ங்கற சபைல அமெரிக்காக்காரங்க சேந்தது நிறவெறி இல்லாத வாழ்க்கைக்காக, கறுப்பரும் வெள்ளையரும் அங்க ஒண்ணாதான் உக்காந்தாங்க, அது நெஜம். அப்புறம் ஒவ்வொண்ணா எப்படிக் கைய விட்டுப் போச்சுன்னு பாருங்க: சம்பளம், வீடு, தென் அமெரிக்கால இருக்கற கயானா நாட்டுக் காட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டு, வீட்டுக்கு எழுதற லெட்டரக்கூட படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க. லவுட்ஸ்பீக்கர்ல எந்நேரமும் அவர் குரல், தூக்கம் கொறவு, விஷம்னு சொல்லிக் குடிக்க வச்சு ஒத்திகை வேற. இதுக்கு நடுவுல சந்தேகம் வந்தா தப்பு நம்ம மேலதான்னு தோணிடும். 1978 நவம்பர் 18ல நெஜமாவே விஷம் குடுத்ததுல 900 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 300 பேருக்கு மேல சின்னப் பசங்க, இத வெறும் தற்கொலைன்னு சொன்னா எனக்குக் கோவந்தான் வரும்.

உங்க ஆளு யாராச்சும் இப்படி ஒரு எடத்துல இருந்தா குருவத் திட்டாதீங்க, திட்டுனா "வெளியாளுங்க எல்லாம் எதிரி"ன்னு அங்க சொல்லிக்குடுத்தது சரின்னு ஆயிடும். பழைய ஃப்ரெண்ட்ஸ் பத்தி, வீட்டுச் சமையல் பத்திப் பேசுங்க, பதில் வரலைன்னாலும் போன் பண்ணிட்டே இருங்க. பணம் மட்டும் குடுக்காதீங்க. வெளிய வந்தப்புறம் என்ன சட்டை போடறதுன்னு முடிவெடுக்கவே சிலர் தடுமாறுவாங்க, அவசரப்படுத்தாம நல்ல கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.