அறுகம் குடாவின் அலை முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே, உல்லைக் கிராமத்தை ஒட்டி அமைந்துள்ள அறுகம் குடாவுக்கு அலைச்சறுக்குக்காகப் புறப்படும் ஒருவர் முதலில் செய்வது, கைபேசியில் முன்னறிவிப்பைத் திறந்து அலையின் உயரம் எத்தனை மீற்றர் என்று பார்ப்பதுதான். உண்மையில் அவர் பிற்பாடு பார்க்க வேண்டிய எண் அது. என்னுடைய முதலாவது பருவத்தில், 1.8 மீற்றர் என்ற எண்ணை நம்பி, விடியுமுன் எழுந்து பலகையைச் சுமந்துகொண்டு முனைக்கு நடந்தேன். அங்கே முழங்காலளவு அலைகள் சோம்பலாக உருண்டுகொண்டிருந்தன. அடுத்த கிழமை 1.4 மீற்றர் என்று போட்டிருந்த ஒரு நாளில், உயரம் குறைவென்று அலட்சியமாகப் போய்ப் பார்த்தபோது, ஆளுயரத்தைத் தாண்டிய அலைகள் முனையிலிருந்து குடாவின் உட்புறம்வரை ஒரே சீராக உடைந்துகொண்டு வந்தன. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலான வேறுபாடு முன்னறிவிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

முதற்படி: முனையின் அமைப்பை வரைபடத்தில் பாருங்கள்

அறுகம் குடாவின் தென்முனையில் உடையும் அலையை அங்குள்ளவர்கள் மெயின் பொயின்ட் என்பார்கள். திறந்த கடற்கரையில் அலை கரைக்கு நேரெதிராக வந்து மொத்தமாகச் சரிந்து விழும். முனையில் உடையும் அலையின் நடத்தை வேறு. அலைவரிசையின் கரைப்பக்க நுனி முனையருகே ஆழம் குறைந்த தரையை முதலில் தொட்டு வேகம் இழக்கும். ஆழத்தில் இருக்கும் மறுநுனி முன்போலவே விரைந்து வரும். ஆகவே முழு வரிசையும் நிலத்தை நோக்கி வளைந்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்குப் படிப்படியாக உடையும். அலையில் நிற்பவருக்கு அது வலப்பக்கமாக ஓடுகிறது. நல்ல நாளில் சில நூறு மீற்றர் தூரம் அதன்மேல் போகலாம்.

இப்பொழுது வரைபடத்தைச் சற்று விரித்து, முனையிலிருந்து தெற்கே பாணமை, உகந்தை, குமண, யால என்று கரையோரமாக விரலை நகர்த்துங்கள். கரை நேர் தெற்காகப் போகாமல் தென்மேற்காக விலகிச் செல்வதைக் காண்பீர்கள். ஒரு கோணமானியை அறுகம் குடாவில் வைத்து, வடக்கை 0 என்று கொண்டு வலஞ்சுழியாக அளந்தால், கடல் தடையின்றித் திறந்திருக்கும் திசை ஏறத்தாழ 200 பாகையோடு முடிவதும் அதற்கு அப்பால் நிலம் மறைப்பதும் தெரியும். இந்த 200 என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். மீதியெல்லாம் இதைச் சுற்றியே வரும்.

இரண்டாம் படி: அலை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

முன்னறிவிப்பில் திசையைக் குறிக்கும் பாகைகள், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையே சொல்கின்றன; எந்தத் திசைக்குப் போகிறது என்பதை அல்ல. தொடக்கநிலையாளர் பலர் அம்புக்குறியைப் பார்த்து இங்கேதான் குழம்புகிறார்கள். தமிழருக்கு இது புதிய வழக்கம் அல்ல. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் காற்றை அதன் பிறந்த திசையால் அழைக்கிறோமல்லவா, அலைக்கும் அதே முறைதான். 0 அல்லது 360 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு.

மெயின் பொயின்ட்டுக்கு 160 முதல் 195 பாகை வரையான அலை நேரடியாக வந்து சேர்கிறது. 200ஐ ஒட்டியது கரையை உரசிக்கொண்டு வருகிறது. 225 பாகையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, வரும் அலையின் பெரும்பகுதி அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரைகளிலேயே செலவாகிவிட, வளைந்து திரும்பிய மிச்சம் மட்டுமே கிழக்குக் கரைக்குக் கிடைக்கிறது. அந்த மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அடுத்த எண்.

மூன்றாம் படி: செக்கன்களை வாசியுங்கள்

அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகள் ஓரிடத்தைக் கடப்பதற்கு இடைப்பட்ட நேரமே அலைக்காலம். முன்னறிவிப்புப் பக்கங்கள் இதைப் பீரியட் என்ற பெயரில் செக்கன்களில் தருகின்றன. அலையைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்கலாம் என்று யாராவது எனக்கு விதித்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. ஆழ்கடலில் அலையின் நீளம், அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வருவது. 7 செக்கன் அலையின் நீளம் ஏறத்தாழ 76 மீற்றர். 14 செக்கன் அலையின் நீளம் ஏறத்தாழ 306 மீற்றர். காலம் இரட்டிப்பானால் நீளம் நான்கு மடங்காகிறது. அலை தன் நீளத்தின் பாதியளவு ஆழத்தில் தரையை உணரத் தொடங்கும் என்பதால், 7 செக்கன் அலை 38 மீற்றர் ஆழத்துக்கு வரும்வரை தரை இருப்பதையே அறியாது. 14 செக்கன் அலையோ 150 மீற்றர் ஆழத்திலேயே தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, கரையை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வருவதற்கு அதற்கு நிறைய இடம் கிடைக்கிறது. அத்துடன், ஆழ்கடலில் இரண்டும் ஒரே உயரமாக இருந்தாலும், ஆழம் குறையும்போது நீண்ட அலையே அதிகமாக எழும். வளைவினால் ஏற்படும் இழப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஆழ்கடலில் 1 மீற்றர் உயரமுள்ள 8 செக்கன் அலை ஏறத்தாழ 1.4 மீற்றராக உடையும். அதே 1 மீற்றர், 15 செக்கன் என்றால் ஏறத்தாழ 1.8 மீற்றராக உடையும்.

அலைக்காலம் அலையின் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. 5 முதல் 8 செக்கன் என்றால், அருகிலுள்ள கடலில் இப்போது வீசும் காற்று கிளப்பிய குழப்பமான அலை. 12 செக்கனுக்கு மேல் என்றால், அது நெடுந்தொலைவு கடந்து சீராகி வந்தது. இந்தச் சீரான அலையைத்தான் சறுக்குவோர் ஸ்வெல் என்கிறார்கள். அறுகம் குடாவின் பருவமான ஏப்ரல் இறுதியிலிருந்து ஒக்டோபர் வரை, தென் இந்து சமுத்திரத்தில், 40 பாகைத் தென் அகலக்கோட்டுக்கும் அப்பால் குளிர்காலப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவை கிளப்பும் ஸ்வெல்லே நமக்கு வந்து சேர்வது. இதே தென்கடல் ஸ்வெல் கேரளக் கரையில் முன்னறிகுறியின்றி ஏறி வீடுகளை நனைக்கும்போது, அங்குள்ள மீனவர் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய சமுத்திரத் தகவல் சேவை மையம் அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுக்கிறது. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கடல் பொங்கினால் அதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்?

நான்காம் படி: வந்துசேரும் நாளைக் கணக்கிடுங்கள்

ஆழ்கடலில் ஸ்வெல் கூட்டமாகப் பயணிக்கும் வேகம், அலைக்காலத்தை 2.8 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று கிடைக்கும். 45 பாகைத் தென் அகலக்கோட்டிலுள்ள ஒரு புயலிலிருந்து அறுகம் குடாவுக்குத் தூரம் ஏறத்தாழ 5,800 கிலோமீற்றர். 18 செக்கன் அலை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து நாட்களுக்குள் வந்துவிடும். 14 செக்கன் அலைக்கு ஆறு நாட்களுக்குச் சற்று அதிகமாகும். 12 செக்கன் அலைக்கு ஏழு நாட்கள். ஒரே புயலில் பிறந்தவையாயினும் நீண்டவை முந்திவரும். ஆகவே அட்டவணையில் செக்கன் எண் திடீரென்று 9இலிருந்து 17க்குத் தாவினால், உயரம் வெறும் 0.4 மீற்றராக இருந்தாலும், புதிய ஸ்வெல்லின் முன்னோடி வந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஓரிரு நாளில் செக்கன் மெதுவாக இறங்க, உயரம் ஏறும். 1963இல் கடலியலாளர் வால்டர் முங்க் தலைமையிலான குழு, நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கடல் புயல்களின் அலைகள் பசிபிக்கை முழுவதுமாகக் கடந்து செல்வதை இந்த முறையிலேயே பின்தொடர்ந்தது.

முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஐந்தாம் நாளுக்குரிய ஸ்வெல், இன்று ஏற்கனவே பிறந்து வழியில் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பெருமளவு நம்பலாம். பத்தாம் நாளுக்குரிய ஸ்வெல்லைத் தரவேண்டிய புயல் இன்னும் பிறக்கவேயில்லை. பத்தாம் நாளை நம்பி விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: இப்பொழுது உயரத்தைப் பாருங்கள், ஆனால் பிரித்துப் பாருங்கள்

விண்டி, சேர்ஃப்லைன் போன்ற சேவைகள் தரும் மொத்த உயரம், அந்த நேரத்தில் அக்கடலில் இருக்கும் எல்லா அலைகளையும் சேர்த்த எண். சேர்ப்பதும் சாதாரணக் கூட்டலல்ல. ஒவ்வோர் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் காண்கிறார்கள். என்னை ஏமாற்றிய 1.8 மீற்றர் நாளை இப்படிப் பிரிக்கலாம்: தென்மேற்குக் காற்று கிளப்பிய 1.6 மீற்றர், 7 செக்கன், 225 பாகை. அதனுள் ஒளிந்திருந்த 0.8 மீற்றர், 14 செக்கன், 200 பாகை. முதலாவது, திறந்த கடலில் கொந்தளித்தாலும், நிலத்தின் மறைவில் இருக்கும் குடாவை எட்டிப் பார்க்காது. அதன் குறுகிய அலைகளுக்கு வளைந்து வரும் வல்லமையும் இல்லை. முனைக்குக் கிடைத்தது அந்த 0.8 மட்டுமே; அதிலும் ஒரு பங்கு வழியில் கழிந்திருக்கும்.

மறுபக்கம், 1.4 மீற்றர் நாளில் 1.2 மீற்றர், 14 செக்கன், 180 பாகை என்று ஒரு ஸ்வெல்லும், 0.8 மீற்றர், 7 செக்கன் என்று ஒரு காற்றலையும் இருந்தால், மொத்தம் குறைவு; முனைக்கு வருவது முழுமை. பருவக்காற்று உரக்க வீசும் ஜூன், ஜூலையில் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் அறுகம் குடாவுக்கான எந்த எண்ணையும் பொருட்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று: முன்னறிவிப்பிலுள்ள உயரம், அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி. எனவே சிலவேளை அதன் இரு மடங்கை நெருங்கும் அலையும் வரும்.

ஆறாம் படி: காற்று

கிழக்குக் கரைக்குக் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எழும் அலையின் முகத்தை அது எதிரிலிருந்து தாங்கி, சற்றுத் தாமதமாகவும் தெளிவாகவும் உடையச் செய்கிறது. வயல்களையும் முகங்களையும் உலர்த்தும் அந்த வெக்கைக் காற்றை ஊரில் யாரும் விரும்புவதில்லை. சறுக்குவோர் மட்டும் அதற்காகக் காத்திருப்பார்கள். மணிக்கு 5 முதல் 20 கிலோமீற்றர் வரை சுகம். 30ஐத் தாண்டினால் பலகையை அலைக்குள் இறக்குவதே சிரமம். பகலேற நிலம் சூடாகிக் கடற்காற்று திரும்பினால் அலையின் முகம் சிதறும் என்பதால் விடியற்காலை வரிசையையே முதலில் வாசியுங்கள். காற்றின் வேகம் நொட்டில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, இருந்தால் கிலோமீற்றராக்க 1.85 ஆல் பெருக்குங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்காகத் தமிழிலும் வெளியிடும் கடல் அறிக்கையில், அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு என்ற பகுதியைப் பார்த்துவிடுங்கள். அதில் எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு வேறெந்த எண்ணும் தேவையில்லை.

வற்றுப்பெருக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இலங்கையைச் சுற்றி அதன் வீச்சு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. எனினும் மெயின் பொயின்ட்டின் அடித்தரை பாறையும் முருகைக்கல்லும் என்பதால் வற்றின்போது கால் வைக்கும் இடத்தில் கவனம் தேவை. நேரத்தையும் சரிபாருங்கள்: சில பக்கங்கள் உலக நேரத்தைக் காட்டும்; இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே.

ஏழாம் படி: கரையில் நின்று சரிபாருங்கள்

நீண்ட அலைக்கால நாட்களில் அலைகள் செட்டுகளாக, அதாவது கூட்டங்கூட்டமாக, வரும். இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் கடல் உறங்குவதுபோல் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து நீரில் இறங்கிய புதியவர்கள் அடுத்த செட்டில் பாறைமேல் தள்ளப்படுவதை ஒவ்வொரு பருவத்திலும் காணலாம். குறைந்தது 20 நிமிடம் நின்று பாருங்கள். 13 செக்கனுக்கு மேல், 1 மீற்றருக்கு மேல் என்றால், புதியவர்கள் மெயின் பொயின்ட்டை விட்டுக் குடாவின் உட்புறத்தில் மணல் தரையுள்ள பேபி பொயின்ட்டுக்குச் செல்வதே சரி.

நிற்கும் அந்த 20 நிமிடத்தில் ஒரு வேலையும் செய்யலாம். கரையை நெருங்கும்போது அலையின் உயரமும் வேகமும் நீளமும் திசையும் மாறுகின்றன. மாறாமல் வந்துசேருவது அலைக்காலம் ஒன்றே. ஒரு செட் வரும்போது, முனையின் பாறை ஒன்றை அடையாளமாக வைத்து, முதல் முகடு கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்கி, ஐந்தாம் முகட்டில் நிறுத்தி, நான்கால் வகுங்கள். முன்னறிவிப்பு 14 என்றது, உங்களுக்கும் 13 அல்லது 14 வந்தால், வழியில் வந்துகொண்டிருந்த அந்த ஸ்வெல்லே இது. 8 வந்தால், நீங்கள் பார்ப்பது காற்றலை. ஸ்வெல் இன்னும் வரவில்லை, மாலையில் மறுபடி வாருங்கள். பிறகு குறிப்பேட்டில் ஒரு வரி: திகதி, முன்னறிவித்த உயரம், செக்கன், பாகை, காற்று, கரையில் அளந்த செக்கன், அலை உடலில் எதுவரை இருந்தது. என் குறிப்பேட்டின் ஒரு வரி இப்படி இருக்கிறது: 1.2, 14, 185, கச்சான் 10, அளந்தது 13.5, தோளுக்கு மேல்.