பிரேக் பிடித்தால் உதறும் கார்: டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பை அளந்து பாருங்கள்

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பெங்களூரில் பெரும்பாலும் வரும் பதில், "டிஸ்க் வளைஞ்சிருக்கு சார், ஸ்கிம் பண்ணிடலாம்." டிஸ்க்கின் மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவதுதான் ஸ்கிம்மிங். பண்ணினால் உதறல் நிற்கும். 5,000, 10,000 கிலோமீட்டரில் திரும்பி வரும். மறுபடி ஸ்கிம்மிங், அடுத்த முறை புது டிஸ்க், பிறகு அதிலும் உதறல். இந்தச் சுற்று ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கையில் இருக்கும் காரைச் சரிசெய்யலாம். பழைய கார் வாங்கப் போகும்போது 2018 மாடலா, 2019 மாடலா என்ற குழப்பத்திலும் அது கைகொடுக்கும்.

டிஸ்க் உண்மையிலேயே வளைவது அபூர்வம். டிஸ்க், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பின் மேல் இம்மியளவு கோணலாக உட்கார்ந்தாலும் சுழலும்போது பக்கவாட்டில் அலையும். இதைத்தான் ரன்-அவுட் என்கிறார்கள். காரில் மாட்டிய நிலையில் இது 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. ஜெராக்ஸ் தாளின் தடிமனில் பாதி. அதைத் தாண்டினால், நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம், பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கைக் கவ்வும் பேடை உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே பிடி கூடிக் குறைந்து ஸ்டியரிங்கில் தெரிய ஆரம்பிக்கும். டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் ஸ்கிம் செய்தால் தடிமன் சமமாகும். ஹப்பின் கோணல் அப்படியே இருக்கும். அதனால்தான் உதறல் உடனே வராமல், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகு வருகிறது.

முதலில் உதறல் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

இந்த உதறல் பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 110 கி.மீ. வேகத்தில்தான் நன்றாகத் தெரியும். சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முதல் 16 சுற்று சுற்றும் வேகம் அது; முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் அந்த அதிர்வுக்கு எளிதில் இசைந்து ஆடும். சில்க் போர்டிலும் மாரத்தஹள்ளியிலும் ஊர்ந்து போகும் காரில் இது தெரியவே தெரியாது. அதிகாலையில் நைஸ் ரோடுக்கோ அத்திபெலே தாண்டிய ஹோசூர் சாலைக்கோ போங்கள். வேக வரம்பைத் தாண்ட வேண்டியதில்லை, பின்னால் வண்டி இருக்கக் கூடாது.

பிரேக் பிடிக்காமலே உதறினால் அது வீல் பேலன்சிங், டயர் அல்லது ரிம் சமாசாரம், பிரேக்கை விட்டுவிடுங்கள். மிதமாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் இடவலமாக ஆடினால் முன் டிஸ்க். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பின் பிரேக்கைச் சந்தேகியுங்கள். பின்னால் டிரம் இருக்கும் கார்களில் இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. காலியான நேர் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மெதுவாக இழுங்கள். துடித்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் இழுத்தால் பிரேக் லைட் எரியாது, அதனால் பின்னால் யாரும் இல்லையென்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் இதைச் செய்யாதீர்கள்.

அவசரமாக அழுத்தும்போது மட்டும் பெடல் கடகடவென்று காலை உதைத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது. கோளாறு அல்ல.

அளக்கும் முறை

தேவையானவை: அலைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் (மேக்னெட்டிக் ஸ்டாண்டுடன்), தடிமனை 0.01 மி.மீ. அல்லது அதைவிட நுட்பமாகக் காட்டும் மைக்ரோமீட்டர், நட்டைக் குறித்த அளவுக்கு முடுக்கும் டார்க் ரெஞ்ச். வெர்னியர் உதவாது, டிஸ்க்கின் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பில் அதன் தாடை உட்கார்ந்து தப்பான கணக்கு காட்டும். எஸ்.பி. ரோடு கருவிக் கடைகளில் கிடைக்கும். வாங்க மனமில்லையென்றால் இவை மூன்றும் இருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போங்கள். டயல் கேஜ் இல்லாத இடத்தில் "டிஸ்க் வளைஞ்சிருக்கு" என்பது ஊகம்தான்.

ஜாக்கில் ஏற்றி ஸ்டாண்ட் கொடுத்து வீலைக் கழற்றியதும், டிஸ்க் ஹப்பின் எந்த போல்ட்டுக்கு நேராக இருக்கிறது என்று சாக்பீஸால் குறியிடுங்கள். வீல் இல்லாதபோது டிஸ்க் தளர்வாக நிற்கும், அப்படியே அளப்பது வீண். தட்டையான வாஷர் போட்டு வீல் நட்டுகளையே முடுக்கி டிஸ்க்கை ஹப்போடு இறுக்குங்கள். டயல் கேஜை நக்கிளில் (ஹப்பைத் தாங்கும், சுழலாத பாகம்) பொருத்தி, முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன்-அவுட்.

அடுத்து தடிமன். அதே வட்டத்தில் சம இடைவெளியில் 8 இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டிலும் மிகக் குறைவானதை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிடுங்கள். புதிதாக 22 மி.மீ. உள்ள டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 20 மி.மீ. தான் கடைசி எல்லை. ஸ்கிம் செய்த பிறகும் அந்த எல்லைக்கு மேல் நிற்காது என்றால் ஸ்கிம்மிங் பேச்சே வேண்டாம். மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடேறும், உதறலும் சீக்கிரம் திரும்பி வரும்.

இப்போது டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். பழுப்பாகத் துரு படிந்திருக்கும், முக்கியமாக போல்ட்டுகளின் அடியில். புது டிஸ்க்கை இதன் மேலேயே தட்டி மாட்டிவிடுவதுதான் திரும்பத் திரும்ப வரும் உதறலுக்கு நான் முதலில் சந்தேகிக்கும் காரணம். கம்பி பிரஷும் எமரியும் கொண்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள், போல்ட்டைச் சுற்றியுள்ள மூலையையும் விடாமல். டிஸ்க்கின் உள்முகத்துக்கும் அதே வேலை. துடைத்த பிறகு ஹப் முகத்தையும் டயல் கேஜில் பாருங்கள். ஹப் சின்னது, டிஸ்க் பெரியது என்பதால் தவறு பெருகும்: மையத்திலிருந்து 65 மி.மீ. தூரத்தில் 0.03 அலைவு இருந்தால், 125 மி.மீ. தூரத்தில் அது கிட்டத்தட்ட 0.06 ஆகிவிடும். ஹப்பே இவ்வளவு அலைந்தால் எந்த டிஸ்க்கும் நிற்காது. பள்ளத்தில் அடிவாங்கிய ஹப்பையோ பேரிங்கையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஹப் சரியாக இருந்தும் டிஸ்க் அலைந்தால், டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். நான்கு போல்ட் காரில் நான்கு நிலை, ஐந்து போல்ட்டில் ஐந்து. எந்த நிலையில் எண் குறைவோ அங்கேயே பொருத்துங்கள். டிஸ்க்கின் கோணலும் ஹப்பின் கோணலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். செலவில்லாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த புது டிஸ்க்குக்கும் இதே சோதனை உண்டு.

காலிபர், நட்டு, பேட்

பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகர்வது ஸ்லைடு பின்களில்தான்; அவை இரண்டும் விரலால் தள்ளினால் போய்வர வேண்டும். இறுகிய பின் ஒரு பக்க பேடை டிஸ்க்கிலேயே ஒட்டவைத்துச் சூடேற்றும். சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். மேலது கீழே, கீழது மேலே என்று மாறிவிட்டால் சில மாதங்களில் சிக்கிக்கொள்ளும். பிரேக் அதிகம் பயன்படுத்தாமல் 10 கி.மீ. ஓட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு முன் டிஸ்க்கையும் பாருங்கள். ஒன்று மற்றதைவிட 30 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அந்தப் பக்க பின், பிஸ்டன் அல்லது ஹோஸில் கோளாறு.

வீல் நட்டை ஏர் கன்னால் முடிந்தமட்டும் முடுக்குவது பஞ்சர் கடைகளின் பழக்கம். ஒரு நட்டு 80, இன்னொன்று 180 நியூட்டன் மீட்டர் என்று நின்றால் டிஸ்க்கின் நடுப்பகுதி கோணலாக இழுபடும். கையால் முடுக்கி, எதிரெதிர் வரிசையில் இரண்டு கட்டமாக, கார் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடியுங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 85 முதல் 125க்குள் இருக்கும். செய்த வேலையையெல்லாம் ஒரு பஞ்சர் கெடுத்துவிட முடியும் என்பதால், பஞ்சர் போட்ட அன்றே நட்டுகளைத் தளர்த்தி மறுபடி சரியாக முடுக்குவது நல்லது.

முன்பக்க சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் சின்ன உதறலையும் பெரிதாக்கிக் காட்டும். அவற்றை மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் அடங்கும், தீராது.

புது பேட் போட்டால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவி, 60லிருந்து 15 கி.மீ.க்கு மிதமாகப் பத்துத் தடவை குறையுங்கள், நடுவில் அரை நிமிடம் காற்று வாங்க விட்டு. ஒருமுறையும் முழுதாக நிறுத்தாதீர்கள். சேலம் போகும் நம் ஆட்களுக்கு இன்னொன்று: தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்குங்கள். கொதிக்கும் டிஸ்க்கோடு கீழே நிறுத்தி பெடலை அழுத்தியே வைத்திருந்தால் பேடின் கலவை அந்த இடத்தில் அச்சாகப் பதிந்துவிடும். சமதளமென்றால் பெடலை விட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள். சூடான சக்கரத்தில் வாட்டர் வாஷும் வேண்டாம். ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று பேஸ்மென்ட்டில் வாரக்கணக்கில் நிற்கும் காரில் பேடின் அளவுக்குத் துரு அச்சு விழும். வாரம் ஒருமுறையாவது ஓட்டினால் பெரும்பாலும் தானே தேய்ந்து போகும்.

மாடல் ஆண்டுகளை ஒப்பிடுவது

பழைய கார் விளம்பரத்தில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் பதிவு ஆண்டு. ஆர்.சி.யில் உற்பத்தி மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். பல நிறுவனங்களின் சேஸிஸ் நம்பரில் 10ஆவது எழுத்து ஆண்டைச் சொல்லும்: ஜே என்றால் 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023. ஐ, ஓ, க்யூ வராது.

ஆண்டு ஒன்றாக இருந்தாலும் கார் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் 2018 பிப்ரவரியில் வந்தது. அந்த வருடப் பதிவில் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். 2020 கிரெட்டாவும் அப்படியே, புதிய தலைமுறை அந்த மார்ச்சில் வந்தது. ஹோண்டா சிட்டியில் 2020 ஜூலையில் ஐந்தாம் தலைமுறை வந்த பிறகும் நான்காம் தலைமுறை கூடவே விற்பனையில் இருந்தது. எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கீழ் வேரியன்ட்டில் அது இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். புகை மாசு விதியான பி.எஸ்.6 2020 ஏப்ரலில் வந்தது. சில மாடல்களில் டீசல் அதோடு நின்றது. டீசல் காரின் முன்பக்கம் கனம், ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் பிரேக்கிங் குறைவு. ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் பிரேக் படும் பாடு வேறு.

இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் பிரேக் மாறியிருக்கிறதா என்று அறிய, இரண்டு சேஸிஸ் நம்பரையும் எடுத்துக்கொண்டு ஜே.சி. ரோட்டிலோ கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரிலோ முன் டிஸ்க், பேட், காலிபர், ஹப் ஆகியவற்றின் பார்ட் நம்பரைக் கேளுங்கள். நம்பர் ஒன்றேயானால் பிரேக்குக்காக அதிகப் பணம் கொடுத்துப் புது மாடலுக்குப் போவதில் பொருளில்லை. பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருந்தால் கம்பெனி அந்தப் பாகத்தைத் திருத்தியிருக்கலாம். அந்தத் திருத்திய பாகம் பழைய ஆண்டுக்கும் பொருந்துமானால் பழையதையே குறைந்த விலைக்கு வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு சர்வீஸ் ஹிஸ்டரி. 30,000 கிலோமீட்டருக்குள் இரண்டு முறை ஸ்கிம்மிங், அல்லது பேட் மீதமிருக்கும்போதே புது டிஸ்க் என்று பில் இருந்தால் ஹப் பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோரமங்களா தெருக்களுக்குள் டெஸ்ட் டிரைவ் கொடுத்து அனுப்புகிற விற்பனையாளரிடம் 80 கி.மீ. தொடும் சாலையைக் கேளுங்கள். அங்கே உதறினால் இரண்டு டிஸ்க், பேட் செட், ஒரு ஹப் பேரிங் ஆகியவற்றின் விலையையும் கூலியையும் கூட்டி, அதை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். வாங்கிச் சரிசெய்த பிறகு 3,000 கிலோமீட்டரில் அதே எட்டு இடங்களில் தடிமனை மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எட்டு இடங்களுக்கும் நடுவே வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் நின்றால் ஹப் வேலை சரியாக நடந்திருக்கிறது.