டிசம்பர் 24 இரவில் தவிக்காமல் இருக்க: வீட்டுக் கிறிஸ்துமஸில் நாம் செய்யும் தவறுகள்

கிறிஸ்துமஸ் வேலைகளில் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே மலைப்பானதில்லை. ஸ்டார் கட்டுவது அரை மணி நேர வேலை. இயேசு பிறந்த தொழுவத்தைச் சிறிதாக அமைத்துக் காட்டும் குடில் ஒரு சாயங்காலத்தில் முடியும். முறுக்கு ஒரு நாள், கேக் ஒரு நாள். இவை அத்தனையையும் 23, 24 ஆகிய இரண்டு தேதிகளுக்குள் அடைத்து, அந்தச் சுமையையும் வீட்டில் ஒருவர் தலையிலேயே ஏற்றும்போதுதான் பண்டிகை கெடுகிறது. அந்த ஒருவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. தென் மாவட்டங்களில் 25 அதிகாலை ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கண் சொருகி உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் பெஞ்சுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். இரவு ஒரு மணி வரை அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள்.

கீழே சொல்பவற்றில் பலவும் இந்த ஒரு பெரிய தவறின் கிளைகள்தான்.

மழையை மறந்து கட்டும் ஸ்டார்

வாழ்த்து அட்டைகளில் வெண்பனி கொட்டட்டும். நமக்கு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைவீதிகள் தண்ணீரில் நின்றன. அப்படியொரு மழை ஆண்டுதோறும் வராது. ஆனால் துணி, மளிகை, தையல் என எல்லாவற்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கிறவர்களுக்குச் சாதாரண இரண்டு நாள் மழையே போதும். தைக்கக் கொடுப்பதை நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 15க்குப் பிறகு தையற்காரர் சொல்லும் தேதியை நம்புவது அவரவர் விசுவாசத்தைப் பொறுத்தது.

ஸ்டார் விஷயத்தில் அடிக்கடி பார்க்கும் தவறு, அதை மின் வயரிலேயே தொங்கவிடுவது. காற்றில் ஸ்டார் ஆடும்போதெல்லாம் ஹோல்டருக்குள் இருக்கும் இணைப்பு இழுபடுகிறது. பாரத்தைத் தாங்கத் தனியாக ஒரு நைலான் கயிறு வேண்டும். வயர் தளர்வாகக் கிடக்க வேண்டும். இன்னொன்று, மாடியிலிருந்து நேராக இறங்கும் வயரின் வழியே மழைத்தண்ணீரும் வழிந்து ஹோல்டருக்குள் போகும். வயரை ஹோல்டருக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே திருப்பி உள்ளே கொண்டுபோனால் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். காகித ஸ்டாருக்குள் பழைய 60 வாட் குண்டு பல்பு கூடவே கூடாது, அந்தச் சூட்டில் காகிதம் கருகும். சின்ன எல்.இ.டி. பல்பு போதும்.

சீரியல் செட்டில் நம் வீட்டுப் பொறியாளர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. எரியாத பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் முறுக்கி விடுவார்கள். செட் எரியும்தான். ஆனால் பழைய வகைச் சின்ன பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு, 230 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்பவை. ஒன்றை எடுத்தால் மிச்சமுள்ள ஒவ்வொன்றின் பங்கும் கூடும், சூடும் கூடும். நாலைந்து பல்பை இப்படி வெட்டிய செட், பஞ்சு ஒட்டிய மரத்தின் மேலோ வைக்கோல் குடிலின் மேலோ கிடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழுதான செட்டைத் தூக்கிப் போடுங்கள்.

குடில்: ஒரே நாளில் எல்லாரையும் கூட்டி வராதீர்கள்

புனித அசிசி பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அமைத்ததுதான் குடில் வழக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. அங்கே இருந்தவை தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. இயேசு எவ்வளவு எளிமையாகப் பிறந்தார் என்பதை ஊர் மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவே மூவாயிரம் ரூபாய் சொரூபத் தொகுதி வாங்கினால்தான் குடில் என்று நினைப்பதே முதல் தவறு. அட்டைப் பெட்டி, சாக்கு, செங்கல், ஆற்று மணல் போதும். பிள்ளைகள் களிமண்ணில் பிசைந்த ஆடு, நாயைப் போல இருந்தாலும் இருக்கட்டும்.

பசுமைக்குப் பிளாஸ்டிக் புல் விரிப்பதற்குப் பதிலாகக் கேழ்வரகோ கோதுமையோ விதைத்துப் பாருங்கள். ஓர் இரவு ஊறவைத்த தானியத்தை, அகலமான தட்டில் இரண்டு விரற்கடை மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்றலாம். டிசம்பர் 14, 15 வாக்கில் விதைத்தால் 24ஆம் தேதி குடிலுக்கு வயல் தயார். இதில் கெடுவது இரண்டு வகை: 20ஆம் தேதி நினைவு வந்து விதைப்பது, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அழுகவிடுவது. கையால் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் குடில் கட்டிய அன்றே குழந்தை இயேசு, இடையர்கள், மூன்று ராஜாக்கள் எல்லாரும் குடிலுக்குள் வந்துவிடுகிறார்கள். பிறகு பத்து நாள் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. தீவனத் தொட்டியைக் காலியாக விட்டு, 24 நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வீட்டிலேயே சின்னவர் கையால் குழந்தையைக் கிடத்துங்கள். ராஜாக்களை வீட்டின் மறுகோடியில், டிவி மேசையின் மேல் நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு முழம் நகர்ந்து, புத்தக அலமாரி, ஜன்னல் விளிம்பு வழியாக ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலுக்கு வந்து சேரட்டும். அவர்களை நகர்த்தும் உரிமைக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும்.

குடிலுக்குள் எரியும் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு எடுக்கும் நெட் துணி கவுனுக்கும் மெழுகுவர்த்திக்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள். அது நெருப்புக்குப் பட்டென்று பிடிக்கும் துணி.

அடுப்படி

பட்டியலைப் பெரிதாக்குவதே இங்கே தவறு. கல்கல், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், கைமுறுக்கு, மிக்சர், கேக் என்று ஏழு வகை ஓட்டுவதைவிட மூன்று வகையை வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து செய்வது மேல். சோழி போலச் சுருட்டிப் பொரிக்கும் இனிப்பான கல்கல்லை உருட்ட ஆறு வயதுப் பிள்ளையும் போதும். முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டக் கற்றுக்கொடுத்தால் ஒரு மணி நேரம் அசையாது. முறுக்குக் குழலை அழுத்தக் கை வலு வேண்டும். வீட்டு ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஏனோ அந்த நேரம் பார்த்துத்தான் அவர்களுக்கு ஸ்டார் பல்பு வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அச்சு முறுக்கு ஒழுங்காக வராததற்குப் பெரும்பாலும் மாவைத்தான் திட்டுகிறோம். குற்றம் அச்சில் இருக்கும். புது அச்சாக இருந்தால் கஞ்சித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவித் துடைத்து, ஒரு நாளாவது எண்ணெயில் போட்டு வைக்க வேண்டும். பொரிக்கும்போது அச்சு காய்ந்த எண்ணெயிலேயே இருந்து சூடேற வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது, பிடித்தாலும் கழன்று வராது. மாவில் முக்கும்போது அச்சின் முக்கால் உயரத்துக்கு மேல் மாவு ஏறக்கூடாது. மேல் விளிம்பை மூடிவிட்டால் பூ கழலாது, பிறகு கத்தியால் நெம்ப வேண்டியதுதான். அரிசி மாவு அடியில் தங்கும், ஆகவே நாலு முறுக்குக்கு ஒருமுறை கலக்கிவிடுங்கள். முதல் மூன்று நான்கு உடையத்தான் செய்யும். அவை சுற்றி நிற்கும் பிள்ளைகளின் பங்கு.

பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் முந்திரிக்கொத்து பத்து நாள் தாங்குமா நான்கு நாளில் ஊசிப்போகுமா என்பதைத் தேங்காய் முடிவு செய்கிறது. துருவலை ஈரம் போய்ச் சிவக்கும் வரை வறுக்கப் பொறுமையில்லாதவர்கள், தேங்காய் போடாமலே செய்துவிடலாம். எந்தப் பலகாரத்தையும் சூட்டோடு டின்னில் அடைக்காதீர்கள். உள்ளே வியர்த்து நமத்துப் போகும். முறுக்கையும் அதிரசத்தையும் ஒரே டின்னில் வைத்தால் அதிரசத்தின் ஈரத்தில் முறுக்கு தொய்ந்துவிடும்.

கேக்கைப் பற்றிச் சொல்லும்போது கேரளத்துத் தலச்சேரியை விட முடியாது. 1883இல் மாம்பள்ளி பாப்பு என்ற ரொட்டிக்காரர் அங்கே போட்ட கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்கிறார்கள். நம் வீட்டுக் கேக்கின் கதை, உலர்பழங்களை 23ஆம் தேதி ஊறவைப்பதில் தொடங்கிக் கோளாறாகிறது. ரம்மில் ஊறவைப்பவர்கள் நவம்பரிலேயே தொடங்கலாம். ஆரஞ்சு அல்லது திராட்சைச் சாற்றில் ஊறவைப்பவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாக, கட்டாயம் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவைக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் சாறு புளித்துப் பொங்கிவிடும். ஊறிய பழத்தை வடித்து, அளந்த மைதாவிலிருந்தே ஒரு கை எடுத்துப் புரட்டிப் போட்டால் பழம் அடியில் போய் உட்காராது. நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது அது கருந்தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் பாகு கொதித்துத் தெறித்துக் கையைச் சுட்டுவிடும். சூடு முழுவதும் ஆறிய பிறகே கேக்கைச் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து வெட்டுங்கள். சுட்ட அன்றே வெட்டிவிட்டு உதிர்கிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

பக்கத்து வீட்டுத் தட்டு

தீபாவளிக்கு அதிரசமும் ரம்ஜானுக்கு பிரியாணியும் வந்த வீடுகளுக்கு நாம் திருப்பித் தரும் முறை இது. தட்டு நிறைவதில் காட்டும் அக்கறையை யாருக்கு எது ஆகும் என்பதில் காட்டுவதில்லை. டிசம்பர் 25 மார்கழியில் வருகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் மண்டல விரதம் 26, 27 தேதி வாக்கில்தான் முடிகிறது. அந்த வீட்டில் முட்டை கேக்கை வாங்கி வைப்பதே சங்கடம். வாயால் சொல்ல மாட்டார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பழமும் கைமுறுக்கும் போதும். அந்த முறுக்கையும் முட்டை சேர்த்த அச்சு முறுக்கு பொரிப்பதற்கு முன்னால், புது எண்ணெயில் பொரித்து எடுத்து வைத்துவிடுங்கள். முஸ்லிம் வீடுகளுக்கு ரம் சேர்த்த கேக்கோ ஹலால் அல்லாத கறியோ போகக்கூடாது. கேக்கில் என்னென்ன இருக்கிறது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

அந்த ஆண்டில் சாவு விழுந்த வீடு தெருவில் இருக்கலாம். பல குடும்பங்களில் முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் போட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். தட்டை அங்கேதான் முதலில் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல் பெரியவர்கள் நேரில் போய்ச் சற்று உட்கார்ந்து வர வேண்டும்.

கேரல் ரவுண்ட்ஸ், பரிசு, இன்ன பிற

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் குழு இரவு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னால் பன்னிரண்டரைக்கு வரும். காணிக்கைக் கவரை மேசை மேல் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்க விடுங்கள். பாட்டு காதில் விழுந்ததும் எழுப்பிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக டிரம் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு வரும் கிறிஸ்துமஸ் தாத்தா நமக்கு வேடிக்கை, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பூச்சாண்டி. போட்டோவுக்காக அலறும் குழந்தையை அவர் கையில் திணிக்காதீர்கள்.

பரிசுக்கு டிசம்பர் முதல் தேதியே சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் கிறிஸ்மா விளையாட்டைக் குடும்பத்துக்குள் ஆடலாம். உச்சவரம்பு வைக்காவிட்டால் மைத்துனர் கைக்கடிகாரம் கொடுத்து, அவருக்குச் சோப்பு டப்பா வந்து, அது அடுத்த கல்யாணம் வரை பேசப்படும். 200 ரூபாய் என்று வையுங்கள். அதே குலுக்கலில் வேலைச் சீட்டையும் சேர்த்துப் போடுங்கள்: 25 காலை இட்லி ஊற்றுவது யார், பாத்திரம் யார், ஆட்டுக்கறிக் கடையில் விடியற்காலை வரிசையில் நிற்பது யார். அம்மா பெயரை அந்தச் சீட்டுகளில் எழுதாமல் விட்டுவிடலாம்.

26ஆம் தேதியே எல்லாவற்றையும் பிரித்துப் போடும் அவசரமும் வேண்டாம். ராஜாக்கள் இன்னும் ஜன்னலில்தான் நிற்கிறார்கள். ஜனவரி 6 கழிந்ததும் சொரூபங்களைத் தனித்தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். சீரியல் செட்டைப் பந்தாகச் சுருட்டாமல் அட்டையில் சுற்றி வையுங்கள். அச்சு முறுக்கு அச்சை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு காகிதத்தில் பொதிந்து வைத்தால் போதும்; கழுவிவிட்டால் அதை மறுபடியும் கஞ்சித் தண்ணீரிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.