முதல் கைத்துப்பாக்கி: பெங்களூருவில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த மாடல், என்ன விலை, கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று வீடியோக்களைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் பலர் லைசென்ஸ் பற்றி விசாரிக்கிறார்கள். முதல் தவறு இதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் நடப்பில் இருக்கும் நாட்டில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. லைசென்ஸ் எதை அனுமதிக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும்.

வீடியோக்களில் மனதைக் கவரும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை தோட்டாவின் விட்டம் 9 எம்எம் இருப்பவை. சாதாரணக் குடிமக்களுக்கு அந்த அளவு கிடையாது. அங்குலக் கணக்கில் சொல்லப்படும் .38, .45, .455 அளவுகளும் தடைப் பட்டியலில் இருப்பவை. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, அடுத்தபடி .22. பொதுமக்களுக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று கைமாறும் வெளிநாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் பல பத்தாண்டு பழையவை. பெயருக்காகவே அவற்றுக்கு எக்கச்சக்க விலை. அந்தப் பணத்தைக் கொட்டுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. கான்பூரில் தயாராகும் அரசு நிறுவனத்தின் .32 ரிவால்வர், இஷாப்பூரின் அஷானி பிஸ்டல், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் தயாராகும் வெப்லி ரிவால்வர் ஆகியவற்றுக்குள் தேடினால் போதும்.

இரண்டாவது தவறு விண்ணப்பத்தில் நடக்கிறது. பெங்களூரு மாநகருக்குள் லைசென்ஸ் தரும் அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். மனநலம், உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று இரண்டும் தேவை. ‘பாதுகாப்புக்காக’ என்று ஒற்றை வார்த்தை எழுதினால் எடுபடாது. தங்கத்தோடும் ரொக்கத்தோடும் இரவில் கடையடைத்து வீடு திரும்பும் அடகுக் கடைக்காரர் என்றால் வியாபாரக் கணக்கு, வருமானவரி விவரம், முன்பு மிரட்டல் வந்திருந்தால் அப்போது கொடுத்த புகாரின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. விசாரணைக்கு வரும் காவலர் உங்கள் பேரில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பதே அதைத்தான். பொய் சொல்லிப் பெற்ற லைசென்ஸைப் பின்னால் ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஆதார் இன்னும் சேலத்து முகவரியிலோ வேலூர் முகவரியிலோ இருக்கிறது. ஊரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கேயே போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். குடியிருக்கும் இடத்தில்தான் விசாரணை நடக்கும். முதலில் பெங்களூரு முகவரிக்கு ஆவணங்களை மாற்றுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

கூடவே வேலை செய்யும் குடகு நண்பர் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. குடகின் கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் நெடுங்காலமாக உள்ள தனி விலக்கு அது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அது செல்லும் என்றது. மற்றவர்களுக்கு அது பொருந்தாது.

இன்னொரு பெரிய தவறு, தாத்தாவின் துப்பாக்கி. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கி தானாகவே மகனுக்கு வந்துவிடாது. அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். ‘நினைவுக்காக’ பீரோவில் வைத்திருந்தாலும் லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தனி ஆளிடமிருந்து பழைய துப்பாக்கி வாங்குவதிலும் கவனம் வேண்டும். விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். இன்றே பணம், இன்றே துப்பாக்கி என்று எவராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது. ரிவால்வரா, பிஸ்டலா? முதல்முறை வாங்குபவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். அதன் இயக்கம் எளிது. சுழலும் உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். காலி என்று நம்பி விசையை அழுத்தி உயிர்போன சம்பவங்களின் பின்னணி பெரும்பாலும் அந்த ஒரு தோட்டாதான். பிஸ்டல்தான் வேண்டும் என்றால், மேகசினை எடுத்து, மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குழலைக் கண்ணால் பார்ப்பது கைப்பழக்கமாகும்வரை தோட்டாவைத் தொடாதீர்கள்.

தோட்டா வாங்கும்போது ‘பாயிண்ட் 32’ என்று மட்டும் சொல்வதும் தவறு. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங், பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி. இரண்டும் வேறு வேறு தோட்டாக்கள். துப்பாக்கியில் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எடை குறைவாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பெண்களுக்காக 2014இல் அறிமுகமான நிர்பீக் ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். பையில் வைக்க வசதிதான். ஆனால் எடை குறையக் குறையச் சுடும்போது கையில் உதைப்பு கூடும். யாருக்கு வாங்குகிறோமோ அவர் நேரில் வந்து பிடித்து, விசையை அழுத்திப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுகளில் முக்கியமானது ஊருக்கு எடுத்துப்போவது. லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்ற இடம் இருக்கிறது. அதில் கர்நாடகம் மட்டும் இருந்தால், அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்ததுமே நிபந்தனை மீறல். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கிளம்பும்போது துப்பாக்கி பெங்களூருவிலேயே இருக்கட்டும். கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டால், எவருக்கும் காயம் இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், பூட்டு உள்ள இரும்புப் பெட்டி வாங்கக் காசில்லாதவர் துப்பாக்கியும் வாங்கக் கூடாது. தலையணைக்கு அடியில், துணிகளுக்கு நடுவில், சாமி அறை அலமாரியில் ஒளித்துவைப்பது பாதுகாப்பே அல்ல; பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று வீட்டில் எதுவும் கிடையாது. தோட்டாவைத் தனியே பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரலாம். தள்ளிப்போடாமல் கொண்டுபோய்க் கொடுத்து, துப்பாக்கி எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். திரும்பப் பெறும்போது அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.