நவீன உலக வரலாற்றுத் தாள்: ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டு பருவக் கட்டுரை எழுதுவது

இந்தத் தாளுக்குக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பிலேயே வழுக்குகிறார்கள். ‘ஏகாதிபத்தியமும் உலகப் பொருளாதாரமும்’ என்று வைத்துக்கொண்டால் 4,000 சொல்லுக்குள் எதையும் நிறுவ முடியாது. பாடநூல் சுருக்கம்தான் மிஞ்சும். ஒரு சரக்கு, மூன்று ஊர், அதிகம் போனால் பத்து ஆண்டு என்று இறுக்குங்கள். எடுத்துக்காட்டாக 1861 முதல் 1865 வரையிலான பருத்திப் பஞ்சத்தைப் பார்ப்போம்.

பிரிட்டன் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தென் மாநிலங்களுடையது. 1861 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு வரத்து அறுந்ததும், வணிகர்கள் பம்பாயையும் எகிப்தின் அலெக்சாந்திரியாவையும் நோக்கி ஓடினார்கள். பஞ்சு வந்து இறங்கிய பிரிட்டனின் லிவர்பூலையும் சேர்த்தால் மூன்று துறைமுகம் கிடைத்துவிட்டது.

அடுத்தது கேள்வி. ‘போரால் பம்பாய் என்ன ஆனது?’ என்று கேட்டால் கதை வரும், வாதம் வராது. ‘லிவர்பூல் விலை பம்பாய்க்கு எத்தனை நாளில் எட்டியது, அந்தத் தாமதம் ஊக வணிகத்தை எப்படி வளர்த்தது?’ என்று கேளுங்கள். இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தந்தித் தொடர்பு 1865-ல்தான் வந்தது. அதுவரை தபால், எகிப்தை ரயிலில் கடந்து மீண்டும் கப்பலேறி, சுமார் ஒரு மாதத்தில் வந்தது. சூயஸ் கால்வாயைக் கட்டுரைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அது திறந்தது 1869-ல். விடைத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது.

சான்றுகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் கடிதத் தொகுப்பு 1861-லிருந்து இணையத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய நாளிதழ்கள் இலவசம். லண்டன் சந்தைச் செய்திகளை அவை மறுபதிப்பு செய்தன. இந்திய அரசு ஆவணங்களுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம். நெல்லைப் பஞ்சைத் தொடப் போகிறீர்கள் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள். தேடும்போது இன்றைய பெயர்கள் உதவாது. திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றும் தூத்துக்குடியை ‘டூட்டிகோரின்’ என்றும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டுங்கள். இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயரில் இந்தியப் பஞ்சைப் பொதுவாகச் ‘சூரத்’ என்றே சொன்னார்கள். எனவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் குஜராத் என்று முடிவுகட்டக் கூடாது.

பலர் கவிழ்கிற இடம் அளவைதான். பம்பாயில் பருத்திக் கண்டி என்ற எடை 784 ராத்தல் (ராத்தல் என்பது எடைப் பவுண்டு); சென்னையில் அதே பெயருள்ள கண்டி 500 ராத்தல். எகிப்தின் கந்தார் ஏறத்தாழ 45 கிலோ. ‘பேல்’ என்பதோ ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்க மூட்டை இந்திய மூட்டையைவிடக் கனமானது. மூட்டைக் கணக்கை அப்படியே ஒப்பிட்டால் இந்திய ஏற்றுமதி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றையும் ராத்தலுக்கு மாற்றுங்கள். (பவுண்டு என்று எழுதினால் எடையா பணமா என்று உங்களுக்கே குழம்பும்.) விலைக்கும் இப்படித்தான்: அன்று ரூபாய் சுமார் 24 பென்ஸ். பம்பாயில் கண்டி 400 ரூபாய் என்றால் 400-ஐ 24-ஆல் பெருக்கி 784-ஆல் வகுக்க, ராத்தலுக்கு 12 பென்ஸ் சொச்சம். அதற்குப் பிறகுதான் லிவர்பூல் விலைக்குப் பக்கத்தில் வைக்கலாம், அதுவும் கப்பல் கூலி தனி என்ற குறிப்போடு.

காரணம் சொல்லும் இடத்தில் நிதானம் வேண்டும். ‘அமெரிக்க வட மாநிலங்களின் கடல் முற்றுகையால் லங்காஷயர் ஆலைகள் மூடின’ என்பது பாதி உண்மை. முதல் ஆண்டில் தென் மாநிலத்தாரே விலை ஏறட்டும், பிரிட்டன் தங்களை ஆதரிக்கட்டும் என்று பஞ்சை அனுப்பாமல் நிறுத்தினார்கள். அதோடு 1859, 1860-ல் அளவுக்கு மீறி நெய்த துணி விற்காமல் கிடங்குகளில் குவிந்திருந்தது. மூன்றையும் பிரித்துக் காட்டினால் அதற்கே தனி மதிப்பெண் உண்டு. அதேபோல் 1882-ல் பிரிட்டன் எகிப்தைப் பிடித்ததைப் பருத்தியோடு நேராக முடிச்சுப் போடாதீர்கள். இடையே எகிப்தை ஆண்ட இஸ்மாயிலின் கடன்கள், 1876-ல் தவணை கட்ட முடியாமல் போனது என்று கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். பம்பாயில் சங்கிலி குட்டை: போர் முடிந்த 1865-லேயே பங்குச் சந்தை சரிந்தது. பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எழுந்த ராஜாபாய் கோபுரத்துக்குப் பணம் கொடுத்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த், அந்தப் பங்குச் சூதாட்டத்தின் நடுநாயகம்.

12 வாரம் இருந்தால் முதல் இரண்டில் எட்டுப் பத்து ஆய்வுநூல்களின் முன்னுரையும் அடிக்குறிப்பும் மட்டும் படியுங்கள். அடுத்த ஐந்து வாரம் மூலச் சான்றுகளுக்கு. எட்டாவது வாரம் எழுதத் தொடங்கிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு’ என்பவர்கள் கடைசி இரவில்தான் எழுதுகிறார்கள். குறிப்பெடுக்கும்போதே இதழின் பெயர், தேதி, பக்கம், பார்த்த தளம் நான்கையும் அதே வரியில் எழுதுங்கள். மறுபதிப்புச் செய்தி என்றால் மூலத் தேதி, அச்சான தேதி இரண்டும் வேண்டும். உங்கள் கேள்வியே செய்தியின் தாமதம் பற்றியது என்பதால் இந்த இடைவெளிதான் உங்கள் தரவு.

கடைசி வாரம் கட்டுரையில் உள்ள எண்களில் ஏதாவது ஐந்தை எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று தப்பாக இருந்தாலும் மீதி எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும்.