கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை, அதனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்கள் ஒதுக்குவதால் தனிப் பலன் உண்டு என்பது நிரூபணமாகவில்லை. சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறதா? கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் காரணமாகலாம். 2018-இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன 59 பேருக்கு இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிகம் தொல்லை தந்தது. வெங்காயம், பூண்டிலும் ஃப்ரக்டான் உண்டு. சில நாள் அவற்றையும் குறைத்துப் பாருங்கள்.

சீலியாக் சந்தேகம் இருந்தால், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA) என்ற, சீலியாக்கைக் காட்டும் எதிர்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், தயவுசெய்து. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்றே வரலாம். அப்புறம், அரிசியும் உளுந்தும் அரைத்துச் செய்யும் இட்லி தோசையில் குளூட்டன் இல்லை, சரி; ஆனால் கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். நோய் உறுதியானவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சாம்பாரில் போடவும்.