பச்சை விரியனை வரைவது எப்படி, அதோடு வம்பு வளர்க்காமல்

லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுகள்) பாம்பு என்றாலே கம்பைத் தேடுகிறோம், முதலில் அதைக் கீழே போடுங்கள். தேயிலை வாதுக்குள் சுருண்டு கிடக்கும் பச்சை விரியன் இலங்கையில் மட்டுமே உள்ள இனம்; இரவில்தான் இரை தேடும், பகலில் பெரும்பாலும் அசையாது, அதனால் வரைய அதைவிட நல்ல ஆள் கிடையாது. இரண்டு மீட்டருக்குக் கிட்டப் போகாமல் போனில் படம் எடுத்து வந்து வீட்டில் உட்கார்ந்து வரையுங்கள்.

முதலில் உடம்பு முழுவதற்கும் ஒரே கோடு, எந்தச் சுருள் எதன் மேல் ஏறுகிறது என்று பார்த்து, அப்புறம்தான் பருமன். தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கும், கண்மணி செங்குத்துக் கீறல். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இன்னொரு குழி இருக்கும், இரையின் சூட்டை அறிவது அதில்தான், அதை மறந்தால் பச்சை விரியன் இல்லை. தலைமேல் பொடிச் செதில்கள். சாரை என்றால் பெரிய தகடுகள், வட்டக் கண்மணி. (என் முதல் படம் பச்சை மிளகாய் மாதிரி வந்தது.)

கொழுந்து எடுப்பவர்களிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, அதைப் போக விடுங்கள். இன்னொரு பாம்பையும் கவனியுங்கள்: சருகு நிறத்தில் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குட்டை விரியன் மிதிபட்டுக் காலில் கடிக்கும். எது கடித்தாலும் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். குட்டை விரியனுக்கு வழக்கமான விஷமுறிவு மருந்து கேட்காது, சிறுநீரகத்தைக் கவனிக்க டாக்டர்தான் வேண்டும்.